கொக்கு யாருன்னு எல்லாருக்கும் தெரியும்: பாடகர் விசுவநாததாஸ் பற்றிச் சில குறிப்புகள்

சிவகாசியில் பிறந்த எஸ். எஸ். விசுவநாததாஸைப் பற்றித் தமிழில் வந்திருக்கிற கட்டுரைகளை நாலைந்து சேர்த்து வைத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று விஷயம் தவறாமல் இருக்கும். ஒன்று, 29 முறை சிறைக்குப் போனார். இரண்டு, காந்தி அவர் பாட்டைக் கேட்டுப் பாராட்டினார். மூன்று, முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போனது. மூன்றுமே பெரிய விஷயம்தான். ஆனா ஒரு பாடகரைப் பற்றிய கட்டுரையில் பாட்டு எங்கே போச்சு?

பாட்டின் தலைப்பு இருக்கும். வீராவேசமாகப் பாடினார் என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பாட்டு நாடகத்தில் எந்த இடத்தில் வந்தது, ஏன் அந்த இடத்தில் வந்தது, கேட்ட ஜனம் அதை என்ன செய்தது என்பதெல்லாம் இருக்காது. தியாகி என்ற பட்டம் கலைஞன் என்ற பட்டத்தைத் தின்றுவிட்டது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அவரை ஆபத்தான ஆளாக்கியது தைரியம் மட்டுமில்லை, கலை நுட்பம். தைரியசாலிகள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு கிராமமே மறுநாள் காலையில் தெருவில் பாடுகிற மாதிரி அரசியலைப் பாட்டாக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான்.

முதலில் வாழ்க்கை, சுருக்கமாக

1886 ஜூன் 16 இல் சிவகாசியில் பிறந்தார். இன்று சிவகாசி என்றால் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். அன்றைக்கு இதில் ஒன்றும் கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததே 1920களின் தொடக்கத்தில்தான். விசுவநாததாஸ் பிறந்த சிவகாசி ஒரு கரிசக்காட்டு வியாபார ஊர். அவருக்கு 13 வயதானபோதுதான், 1899 இல், கோயில் உரிமையில் தொடங்கிய சண்டை பெருங்கலவரமாக வெடித்து, சிவகாசி என்ற பெயரே மாகாணம் முழுக்கத் தெரிந்தது. சாதி என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் படித்த விஷயமாக இருந்திருக்க முடியாது.

அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். சவரம், நாட்டு வைத்தியம், பிரசவம் பார்ப்பது, பல ஊர்களில் மேளம் வாசிப்பது எல்லாம் இந்தச் சமூகத்தின் வேலையாக இருந்தது. ஊருக்குப் பிறப்பிலிருந்து இறப்பு வரை இவர்கள் வேண்டும், ஆனா பந்தியில் பக்கத்தில் உட்காரக் கூடாது. இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவோம்.

சிறு வயதிலேயே மேடைக்குப் போனார். ஆரம்பத்தில் பெண் வேஷங்கள், பிறகு ராஜபார்ட். மதுரைக்குப் பக்கம் திருமங்கலத்தில் குடியேறினார். ஒத்துழையாமைக் காலம் தொடங்கி மேடையில் தேசியப் பாட்டுகள் பாடினார். கைது, விடுதலை, மறுபடி மேடை, மறுபடி கைது. 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக நடித்துக்கொண்டிருந்தபோது இறந்தார். வயது 54.

1911 என்ற தேதி ஒரு தடயம்

இணையத்தில் சுற்றும் சில வாழ்க்கைக் குறிப்புகளில் இப்படி ஒரு செய்தி வரும்: 1911 இல் காந்தி தூத்துக்குடிக்கு வந்தார், விசுவநாததாஸ் பாடுவதைக் கேட்டார், இந்தக் குரல் தேசத்துக்கு வேண்டும் என்றார், அன்றிலிருந்து தாஸ் தேசியவாதி ஆனார்.

1911 இல் காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அங்கிருந்து 1914 இல் கிளம்பி, 1915 ஜனவரியில்தான் பம்பாயில் இறங்கினார். ரௌலட் சட்ட எதிர்ப்புக்காக அவர் தென்மாவட்டங்களைச் சுற்றியது 1919 மார்ச்சில். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் அப்போதுதான் வந்தார். இருவரும் சந்தித்திருந்தால் 1911 இல் சந்தித்திருக்க வாய்ப்பே இல்லை.

தேதியைத் திருத்துவதோடு இதை விட்டுவிடலாம். மென்பொருளில் ஒரு பிழை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்தால், அதைத் திருத்துவதோடு நிறுத்த மாட்டோம், அது ஏன் அங்கே வருகிறது என்று பார்ப்போம். இந்தக் கதை ஏன் இவ்வளவு பேருக்குத் தேவைப்பட்டது? ஏன்னா ஒரு கூத்தாடி தானாக அரசியலுக்கு வந்திருப்பார் என்று நம்ப நமக்கு மனசு வரவில்லை. ஒரு பெரியவர் வந்து தொட வேண்டும், அப்புறம்தான் அவர் விழித்துக்கொள்ள வேண்டும்.

ஆனா கொஞ்சம் வரைபடத்தையும் வருஷத்தையும் பாருங்க. சிவகாசி 1910 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த வருஷம் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. அதே திருநெல்வேலி மாவட்டத்தில் 1906 இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். 1908 மார்ச்சில் அவர் கைதானதும் நெல்லையில் எழுச்சி, துப்பாக்கிச் சூடு. 1911 ஜூனில் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். விசுவநாததாஸ் தன் இருபதுகளில் இருந்த காலம் இது. ஊர் ஊராகச் சுற்றிய ஒரு நாடக நடிகர் காதில் இதெல்லாம் விழாமல், காந்தி வந்துதான் அரசியல் தெரிந்தது என்றால் எப்படி? பின்னாளில் கடையநல்லூரில் அவர் கைதானபோது வ.உ.சி.யே அவருக்காக வாதாடினார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. நூலைப் பிடித்துக்கொண்டு போனால் காந்தியிடம் போகும் முன்னால் அது தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

காந்தியின் செல்வாக்கைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. காந்தியைப் பற்றிய பாட்டுகள் அவர் பாடியதில் ஏராளம். ஆனா அவரை ஒரு காலிப் பாத்திரமாகவும் யாரோ வந்து அதை நிரப்பியதாகவும் சொல்கிற கதை, கலைஞனின் மூளையைக் கணக்கில் எடுக்காத கதை.

தினைப்புனம் என்ற வாசல்

இப்போ பாட்டுக்கு வருவோம். அதுக்கு முன்னாடி, அந்தப் பாட்டு உட்கார்ந்த நாடகம் எப்படி வேலை செய்தது என்று தெரிய வேண்டும்.

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் தென்மாவட்டத்துக்காரர்களுக்குப் புதுசு இல்லை. இன்னைக்கும் விருதுநகர், மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் கொடைக்கு ஸ்பெஷல் நாடகம் போட்டால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால் விடியும்வரை போகும். ஸ்பெஷல் நாடகத்தின் விசேஷம், அதற்கு நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். தனித்தனியாக ஒப்பந்தம். ஒத்திகை கிடையாது. மேடைக்குப் பின்னால் பவுடர் போடும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இருந்தும் நாடகம் நடக்கும், ஏன்னா எல்லாருக்கும் ஒரே பாடம் மனப்பாடம்.

என் தொழில் பாஷையில் சொன்னால், சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்தது ஒரு பொது மேடை. காட்சி வரிசை நிலையானது: வள்ளி தினைப்புனம் காக்க வருவாள், நாரதர் வந்து தர்க்கம் பண்ணுவார், வேலன் வேடனாக வருவான், கிழவனாக வருவான், கடைசியில் கல்யாணம். ஆனா ஒவ்வொரு காட்சிக்குள்ளும் நடிகன் தன் சரக்கை இறக்க இடம் இருக்கு. நாரதர்–வள்ளி தர்க்கம் ஒரு நாள் அரை மணி நேரம் ஓடும், ஜோடி நல்லா அமைஞ்சா ரெண்டு மணி நேரமும் ஓடும். நாங்கள் எழுதும் நிரல்களில் இதற்கு ஹூக் என்று பெயர். அடிப்படைக் குறியீட்டைத் தொடாமல், அனுமதிக்கப்பட்ட இடத்தில் உன் வேலையைச் சொருகிக்கொள்.

எதிர்ப்பக்கம் என்ன இருந்தது? 1876 இன் நாடக நிகழ்ச்சிச் சட்டம். வங்காளத்தில் ஆங்கிலேயரையும் அவர்களுக்கு ஜால்ரா போட்டவர்களையும் கிண்டல் செய்த நாடகங்களால் கடுப்பாகிக் கொண்டுவந்தது. ராஜதுரோகம் என்று பட்டால் நாடகத்தைத் தடை செய்யலாம், பிரதியைக் கேட்டு வாங்கலாம், மீறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டத்தின் அடிப்படை நம்பிக்கை என்னன்னா, நாடகம் என்பது காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தைப் பார்த்தால் நாடகத்தைப் பார்த்த மாதிரி.

விசுவநாததாஸ் செய்தது இந்த நம்பிக்கையையே காலி செய்யும் வேலை. காகிதத்தில் இருப்பது முருகனும் வள்ளியும். அதில் ஒரு வரியைக்கூட எந்தக் கலெக்டரும் அடிக்க முடியாது. மேடையில் நடப்பது வேறு. இத்தனைக்கும் அவர் நாடகத்தை உடைக்கவில்லை. நாடகத்தை நிறுத்திவிட்டு முன்னால் வந்து நின்று பிரசங்கம் செய்திருந்தால் அது வெறும் குறுக்கீடு. கதையே திறந்து வைத்திருக்கிற வாசலில் அவர் நுழைந்தார்.

தினைப்புனத்தில் வள்ளியின் வேலை என்ன? பரண் மேல் ஏறிப் பறவை விரட்டுவது. கதிரைத் தின்ன வருகிற பறவையை ஆலோலம் பாடித் துரத்துவது. இந்த உலகத்துக்குள் வெள்ளைக் கொக்கு பறந்து வருகிறது என்று ஒரு பாட்டு வந்தால் அது எந்த விதத்தில் ஒட்டாது? கொக்கு பறக்குதடி பாப்பா என்ற அந்தப் பாட்டு விசுவநாததாஸ் பெயரோடு ஒட்டிப்போனதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பயிர் நம்முடையது, தின்ன வருவது வெளியிலிருந்து வருவது, விரட்டுவது காவல் காப்பவர் கடமை. இந்த மூன்றையும் அவர் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளி கதை ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறது. கரிசக்காட்டில் சோளமும் கம்பும் விதைத்துக் குருவி விரட்டியே வளர்ந்த ஜனத்துக்கு விளக்கவுரை எதற்கு?

ரகசியம் இல்லாத ரகசியம்

இந்தப் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவ அவர் வெள்ளையரைக் கொக்கு என்று மறைத்துப் பாடினார் என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை.

போலீஸை ஏமாற்றுவதுதான் நோக்கம் என்றால் அது படுதோல்வி. 29 முறை கைது என்ற கணக்கில் பாதியை நம்பினாலே, போலீஸுக்கு அர்த்தம் தெளிவாகப் புரிந்திருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டரும் தமிழர்தான், அவரும் வள்ளி கதை கேட்டு வளர்ந்தவர்தான். கொக்கு யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

அப்போ உவமை எதற்கு? கேட்கிறவனுக்காக. வெள்ளைக்காரனே வெளியேறு என்று நேராகச் சொன்னால் ஜனம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். கொக்கு என்று சொன்னால், அர்த்தத்தை முடித்து வைக்கிற வேலை கேட்கிறவன் கையில் வந்துவிடுகிறது. ஒரு கணம் தாமதித்து, பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்த்து, இருவரும் சேர்ந்து சிரிக்கிற அந்தச் சிரிப்பில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் குற்றவாளி ஆகிறார்கள். பாடகர் சொன்னது கொக்கு. வெள்ளைக்காரன் என்று புரிந்துகொண்டது ஜனம். யாரைப் பிடித்து உள்ளே வைப்பது?

அப்புறம் அந்தப் பாப்பா. பாட்டு குழந்தையைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. மறுநாள் காலையில் அதைத் தெருவில் பாடப்போவதும் குழந்தைதான். எட்டு வயதுப் பிள்ளை கொக்கைப் பற்றிப் பாடினால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? மேடையில் ஒருவரைக் கைது செய்யலாம். மெட்டைக் கைது செய்ய முடியாது.

இதே மாதிரி ஒன்று வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டு போனதில் எதிர்பாராத ஒரு நாட்டில் போய் நின்றேன்: மங்கோலியா. அங்கே 1921 முதல் ஒரே கட்சி ஆட்சி. 1989–90 குளிரில் இளைஞர்கள் உலான்பாத்தர் சதுக்கத்தில் கூடினார்கள். ஹோங்க் என்று ஒரு ராக் குழு, அந்தச் சொல்லுக்கு மணி என்று அர்த்தம். அவர்களுடைய மணியோசைப் பாட்டுதான் அந்தப் போராட்டத்தின் கீதமானது. அதன் சாரம், கெட்ட கனவில் கிடந்தவர்களை ஒரு மணியோசை எழுப்பியது என்பது. கனவு எது, மணி எது என்று சதுக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1990 மார்ச்சில் ஆளுங்கட்சியின் தலைமைக் குழு கூண்டோடு ராஜினாமா செய்தது, ஜூலையில் பல கட்சித் தேர்தல் நடந்தது. பாட்டு ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. ஆனா தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தவர்களுக்கு, பக்கத்தில் நிற்பவனும் இதையேதான் நினைக்கிறான் என்று காட்டிக்கொடுத்தது. கின்னரப்பெட்டிக் காலத்துத் திருமங்கலத்துக்கும் மின்கிட்டார் காலத்து உலான்பாத்தருக்கும் நடுவில் ஐம்பது வருஷ இடைவெளி, தொழில்நுட்பம் ஒன்றுதான்.

மயில் மேல் உட்கார்ந்தது யார்?

முன்னால் மனசில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். விசுவநாததாஸின் சாதியைக் காரணம் காட்டிச் சில நடிகைகள் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்தார்கள் என்பது அவர் வாழ்க்கையைச் சொல்லும் எல்லோரும் சொல்லும் செய்தி. இதைக் கட்டுரைகள் ஒரு தடையாகச் சொல்லி, அதைத் தாண்டி அவர் சாதித்தார் என்று முடித்துவிடும். நான் இதை மேடைக்குள் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

வள்ளி திருமணத்தின் கதை என்ன? தெய்வயானையைக் கட்டின கடவுள், காட்டில் தினை காக்கிற குறத்திப் பெண்ணிடம் இறங்கி வந்து கெஞ்சுகிறான். மேலிருந்து கீழே வருகிற காதல் அது. இப்போ அந்தக் கடவுள் வேஷத்தில் ஒரு நாவிதர் வீட்டுப் பிள்ளை. பகலில் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டியவர், ராத்திரி பத்து மணிக்கு மேல் மயில் மேல் உட்கார்ந்திருக்கிறார், ஊர்ப் பெரிய மனுஷன் கீழே தரையில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். நாடகம் கடவுள் கீழே இறங்குவதைச் சொல்கிறது, நடிகர் கீழேயிருந்து மேலே ஏறியிருக்கிறார். ஒரே மேடையில் ரெண்டும் எதிரெதிராக நடந்துகொண்டிருக்கிறது. அதே வாய் அடுத்த காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டுகிறது.

அவர் சாதியை எதிர்த்துத் தனியாகப் பிரசங்கம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அவர் வேஷம் கட்டி நின்றதே ஒரு பிரசங்கம். அந்தத் தலைமுறை மேடைக்காரர்கள் பெயரைப் பாருங்க: சங்கரதாஸ், பாஸ்கரதாஸ், விசுவநாததாஸ். பெயருக்குப் பின்னால் சாதி இருக்க வேண்டிய இடத்தில் அடியான் என்று பொருள்படும் ஒரு சொல். யாருக்கு அடியான்? கடவுளுக்குன்னு சொல்லலாம், கலைக்குன்னு சொல்லலாம். ஊர்ப் பெரிய மனுஷனுக்கு இல்லை என்பது மட்டும் உறுதி.

சினிமா ஏன் இதைச் செய்யவில்லை

அவர் பாடிய பாட்டுகளில் பலவற்றை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். விளாத்திகுளம் பக்கம் நாகலாபுரத்துக்காரர். ஜாலியன்வாலா பாக் படுகொலை முதல் ராட்டினம் வரை பாட்டாக்கியவர். 1931 இல் முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸுக்குப் பாட்டு எழுதினார், கதைக்குச் சம்பந்தமே இல்லாத தேசியப் பாட்டு அதிலும் உண்டு. அதாவது மேடையின் சொருகல் பழக்கம் அப்படியே படத்துக்குள் வந்துவிட்டது.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம். படம் ஒரு முறை அச்சிட்டால் அச்சிட்டதுதான். மதுரையில் ஓடுவதும் சென்னையில் ஓடுவதும் ஒரே சுருள். தணிக்கைக்காரர் ஒரு இடத்தில் பிடித்தால் போதும், எல்லா ஊரிலும் பிடித்த மாதிரி. கே. சுப்பிரமணியத்தின் தியாகபூமி 1939 இல் வந்து நன்றாக ஓடியது, 1940 இல் தடை, அத்தோடு நின்றது. மேடை அப்படியில்லை. ராஜபாளையத்தில் கைது செய்தால் அந்த ராத்திரி மட்டும்தான் போச்சு. அடுத்த ஊரில் போலீஸ் இருந்தால் பாட்டு கிடையாது, இல்லையென்றால் உண்டு. ஒவ்வொரு இரவும் புதிதாக இயங்குகிற நிரல் அது. அதற்கு விலையும் உண்டு. சுருளைத் தடை செய்தால் பெட்டியில் தூங்கும். நாடகத்தைத் தடை செய்ய வேண்டுமென்றால் மனிதனை உள்ளே வைக்க வேண்டும். திருமங்கலம் வீட்டுக் கடனும் தேய்ந்துபோன உடம்பும் அந்த விலையின் பாக்கி.

1940 டிசம்பரில் அந்த விலை உச்சத்தில் இருந்தது. உலகப் போர் நடக்கிறது. அக்டோபரில் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியிருக்கிறது. போருக்கு எதிராக வாய் திறந்தாலே சிறை. அந்தச் சூழலில் 54 வயதில் விடிய விடிய நடக்கும் நாடகத்துக்கு வேஷம் கட்டினார். வேஷத்தோடேயே இறந்தார். அந்த முருகன் வேஷத்தோடு ஊர்வலமாக மூலக்கொத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள்.

நம்ம விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2014 இல் காவியத் தலைவன் எடுத்தார். ஜெயமோகன் வசனம், ரஹ்மான் இசை. நாசரின் வாத்தியார் பாத்திரத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சாயல் தெரியும். சித்தார்த் நடித்த காளியப்ப பாகவதர் கடைசியில் மேடையில் தேசியம் பேசுவார். இந்த ஊர்க்காரனாக அந்தப் படத்தின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனா படத்தை நகர்த்துவது இரண்டு நடிகர்களுக்கு நடுவிலான பொறாமையும் காதலும். தேசியம் நாயகனுக்குக் கிடைக்கும் ஒரு மேன்மை, அவ்வளவுதான். ஒரு பாட்டு எப்படிச் சட்டத்தின் இடுக்கில் நுழைந்தது, ஜனம் அதை எப்படி முடித்து வைத்தது என்ற, எல்லாவற்றையும்விட நாடகத்தனமான விஷயம் அதில் இல்லை. மேடையில் நின்றவர்களின் சாதியும் இல்லை. இரண்டும் விசுவநாததாஸ் கதையின் முதுகெலும்பு. அவரை நேரடியாகப் படமாக்க யாராவது நினைத்தால், சிறைக் காட்சியை விட்டுவிட்டு தினைப்புனத்தில் ஆரம்பிக்கலாம்.

பாட்டாக எடுத்துப் பார்த்தால்

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாட்டுகளைக் காகிதத்தில் தனியாகப் படித்தால் கவிதை என்று சொல்ல முடியாது. பாரதி பக்கத்தில் வைத்தால் ரொம்பவே மெலிந்து தெரியும். காந்தியைப் பற்றியவை வெறும் ஸ்தோத்திரமாகப் போய்விடும். ஆனா காகிதத்தில் வைத்துப் படிப்பதே 1876 சட்டம் செய்த அதே தப்பு. இது காட்சி, மெட்டு, நடிகர், ஜனம் நாலும் சேர்ந்தால் மட்டும் உயிர் வரும் எழுத்து.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்துத் தேசியப் பாட்டுகள் மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களாகச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்றன. படித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற காகிதம். இன்று அவற்றில் எத்தனையோ கிடைப்பது, அரசாங்கம் தடை செய்து பறிமுதல் பண்ணி எண் போட்டு வைத்ததால்தான். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் தடை செய்யப்பட்ட நூல் தொகுப்பில் தமிழும் இருக்கிறது. பிடித்தவன் பத்திரமாக வைத்தான், கொண்டாடியவன் தொலைத்தான்.

சட்டமும் லேசில் போகவில்லை. விடுதலைக்கு அப்புறம் 1954 இல், எம். ஆர். ராதாவின் நாடகங்களை மனசில் வைத்து, சென்னை மாகாணத்தில் புதிதாக ஒரு நாடகச் சட்டம் வந்தது. பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013 இல்தான் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1876 சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது 2017 இன் சட்ட நீக்க மசோதாவில். விசுவநாததாஸ் செத்து முக்கால் நூற்றாண்டுக்கு அப்புறம்.

திருமங்கலத்தில் அவருக்கு அரசு நினைவு இல்லம் இருக்கிறது. நல்ல விஷயம். அதோடு செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி. தென்மாவட்டங்களில் இன்னமும் வள்ளி திருமணம் ஆடுகிற மூத்த ராஜபார்ட்டுகளும் ஆர்மோனியக்காரர்களும் இருக்கிறார்கள். தேசியப் பாட்டுகள் எந்தக் காட்சியில், எந்த மெட்டில், எந்த வசனத்துக்குப் பின்னால் வந்தன என்று அவர்களுடைய குருமார் சொன்னதைக் கேட்டுப் பதிவு செய்ய ஒரு போனும் பொறுமையும் போதும். நம்ம மாவட்டத்துக் கல்லூரித் தமிழ்த்துறைப் பிள்ளைகள் ஒரு பங்குனி, சித்திரை கொடைக்காலத்தில் இதை முடித்துவிடலாம். எத்தனை முறை சிறைக்குப் போனார் என்ற கணக்கு பத்திரமாக இருக்கிறது. ஆலோலம் முடிந்து ஆர்மோனியம் எந்தச் சுருதிக்கு மாறினதும் கொக்கு பறந்தது என்பதுதான் எழுதி வைக்கப்படவில்லை.